மூன்றாவது ஷெட்டில் நடக்கும் முறை

கணேசனின் வாய்ஸ் மெசேஜ் வந்து பதினோரு நாளாகிறது. நான் இன்னும் பதில் போடவில்லை. நீல டிக் விழுந்துவிட்டது. கேட்டுவிட்டுச் சும்மா இருக்கிறேன் என்று அவனுக்குத் தெரியும்.

"அண்ணே, கணேசன் பேசுறேன். நல்லாருக்கீங்களா? ஒண்ணுமில்லண்ணே, ஒரு சந்தேகம். மூணாவது ஷெட்டுல நான் நடக்கறப்ப கோழிங்க ரெண்டு பக்கமும் ஒதுங்கி வழி விடுது, சரி. நான் தாண்டிப் போனதுக்கப்புறமும் வழிய விட்டுக்கிட்டே நிக்குதுண்ணே. எனக்குப் பின்னாடி எதையோ பாக்குது. உள்ள பாம்பு கீம்பு இருக்குமா? கொஞ்சம் சொல்லுங்கண்ணே."

கணேசனுக்கு நாற்பத்தாறு வயது. துபாய்க்குப் பக்கத்து ராசல்கைமாவில் ஒரு கல் கிரஷரில் ஒன்பது வருடம் தூசி தின்றுவிட்டு என் இடத்துக்கு வந்தவன். அங்கே மலையடிவாரத்தில் ஓர் அரபி முதலாளியின் பறவைப் பண்ணையில் பத்தொன்பது வருடம் நான் பார்த்த வேலையை அவனிடம் ஒப்படைத்துவிட்டு, இந்த மார்ச்சில் பெரம்பலூர் பக்கம் என் ஊருக்கு வந்து சேர்ந்தேன். ஒப்படைக்கும்போது எல்லாவற்றையும் சொன்னேன், ஒன்றைத் தவிர. அந்த ஒன்றைத்தான் இப்போது கேட்கிறான். வாயால் சொல்ல வரவில்லை. எழுதினால் வருகிறதா என்று பார்க்கிறேன்.

டீக்கடையில் யாராவது, "துபாய்ல என்ன வேல பாத்தீங்க?" என்று கேட்டால், "கோழி மேய்ச்சேன்" என்பேன். சிரிப்பார்கள். கோழி மேய்க்கவா கப்பலேறிப் போனாய் என்பார்கள். நான் போனது விமானத்தில், வேலை பார்த்தது துபாயிலும் இல்லை என்று ஒவ்வொருவனிடமும் விளக்கிக்கொண்டிருக்க எனக்குப் பொறுமை கிடையாது.

நான் மேய்த்தது ஃபெசன்ட். அரபிக்கோழி என்று எங்கள் ரூமில் சொல்வோம். ஆனால் அது அரபு நாட்டுக் கோழி அல்ல. குளிர் தேசங்களில் புல்லுக்குள்ளும் வயல் வரப்பிலும் திரிகிற சாதி. முதலாளிக்கு அதன் மேல் ஒரு பைத்தியம். வெள்ளிக்கிழமை விருந்தாளிகளைக் கூட்டி வந்து காட்டுவார். பாலைவனத்தில் அதை உயிரோடு வைத்திருக்க, தண்ணீர் சொட்டும் கூலர் ஆறு, நிழல் வலை, பயிரிட்ட புல், இவற்றோடு நான்.

சேவலைப் பார்த்தால் யாரும் அசந்துபோவார்கள். தலையும் கழுத்தும் பச்சை, சாய்த்துப் பார்த்தால் நீலம், இன்னும் சாய்த்தால் ஊதா. முகத்தில் கண்ணைச் சுற்றி ரத்தச் சிவப்பில் தொங்கும் தோல். கழுத்தில் வெள்ளை வளையம். உடம்பு முழுக்கச் செம்பு நிறம், ஒவ்வொரு இறகுக்கும் கறுப்பு விளிம்பு. வால் மட்டும் என் கை நீளத்துக்கு, குறுக்கே கறுப்புப் பட்டைகளோடு. பெட்டை அதற்கு நேர் எதிர். மண்ணை அள்ளி அதன் மேல் காய்ந்த இலையைக் கசக்கிப் போட்டதுபோல் ஒரு நிறம். அடைக்கு உட்கார்ந்துவிட்டால் அசையாது, சிமிட்டக்கூடச் செய்யாது. காலடியில் இருந்தாலும் தெரியாது. வெறும் மண் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது அதில் ஒரு கண் மட்டும் நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பது தெரியும். பத்தொன்பது வருடத்தில் அது ஒன்று மட்டும் எனக்குப் பழகவே இல்லை.

பனிக்காலம் முடிகிற சமயத்தில் சேவலுக்கு மதம் பிடிக்கும். ஒரு சேவல் ஏழெட்டுப் பெட்டைகளைச் சேர்த்து வைத்துக்கொள்ளும். பெட்டையின் பக்கம் இருக்கிற சிறகைத் தரையில் தொங்கவிட்டு, வாலையும் அந்தப் பக்கமே சரித்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து அதைச் சுற்றி நடக்கும். பெட்டை தரையைச் சுரண்டிப் பத்துப் பன்னிரண்டு முட்டை இடும், ஆலிவ் காய் நிறத்தில். அவற்றை எடுத்து மெஷினில் பொரிக்க வைப்போம். குஞ்சுகள் பன்னிரண்டு நாளில் பறக்கப் பார்க்கும். பருவம் வந்த கோழி மூன்று நான்கு வருடம் இருந்தால் பெரிது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் தேவைப்படும்.

அந்தச் சேவலுக்கு இன்னொரு பழக்கம் உண்டு. மலைக்குப் பின்னால் கல் குவாரி. தினம் மதியம் ஒரு மணி சுமாருக்கு அங்கே வெடி வைப்பார்கள். சத்தம் நமக்குக் கேட்பதற்கு முன்னாலேயே மூன்று ஷெட்டுச் சேவல்களும் 'கொர்க்-கொக்' என்று ஒரே சமயத்தில் கத்தி, சிறகைப் படபடவென்று அடிக்கும். அதற்குப் பிறகுதான் வெடிச் சத்தம் வரும். அதிர்வு தரை வழியாக முன்னால் வருகிறது, அதன் காலுக்குத் தெரிந்துவிடுகிறது என்று டாக்டர் சொல்வார்.

டாக்டர் என்று நான் சொல்வது பண்ணையின் கால்நடை மருத்துவர், நாமக்கல்காரர். பெயர் வேண்டாம். குரலை உயர்த்திப் பேசி ஒரு நாளும் கேட்டதில்லை. கூட்டுகிறவனைக்கூட 'ங்க' போட்டுத்தான் கூப்பிடுவார். அதனாலேயே அவரிடம் எல்லோருக்கும் பயம். திட்டுகிற ஆளிடம் பதிலுக்கு ஏதாவது முனகலாம். இவரிடம் என்ன செய்வது? கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு கம்பி வலைக்கு வெளியே நிற்பார். செத்த பறவையை நான் வாசலுக்குக் கொண்டுபோய் நீட்டினால் அங்கேயே கத்தரியால் அறுத்துப் பார்த்துவிட்டு, கதவில் சாக்பீஸால் ஒரு வரி எழுதுவார். முதல் இரண்டு ஷெட்டுக்குள் எப்போதாவது நுழைவார். மூன்றாவது ஷெட்டில் வலைக்கு வெளியேதான். அதை நான் கவனித்ததற்கே வெகு காலமாயிற்று.

நான் பண்ணைக்குப் போனது புல் அறுக்க. அதற்கு முன்னால் நானும் கிரஷர்தான். மூன்று வருடம் இருமி இருமிக் கழித்தவன். பறவைகளைப் பார்த்துக்கொண்டவர் லத்தீப் பாய், பிகார்க்காரர். மெலிந்த ஆள், வலது காலைக் கொஞ்சம் இழுத்து நடப்பார். நீலக் கவரால், அதாவது கழுத்திலிருந்து கணுக்கால் வரை ஒரே துணியாகத் தைத்த வேலை உடுப்பு, அது இல்லாமல் ஷெட்டுக்குள் போக மாட்டார். எங்களில் யாரையும் உள்ளே விடவும் மாட்டார். "மாஃபி, மாஃபி", கிடையாது கிடையாது என்று அரபியில் கையை ஆட்டித் துரத்துவார்.

ஒரு ஜூலை மாதம். புல் கட்டைச் சுமந்துகொண்டு மூன்றாவது ஷெட்டைத் தாண்டும்போது முதல் இரண்டு ஷெட்டுச் சேவல்கள் கத்தின. வெடி வரப்போகிறது என்று நினைத்தேன். வெடித்தது. மூன்றாவது ஷெட்டில் மட்டும் ஒரு சேவலும் வாய் திறக்கவில்லை. புல் கட்டைக் கீழே போட்டேன். வலை வழியாகப் பார்த்தேன்.

லத்தீப் பாய் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். கோழிகள் அவரைச் சுற்றி வழக்கம்போலத் தீவனம் பொறுக்கிக்கொண்டிருந்தன. இரண்டு பெட்டைகள் அவர் முதுகுக்குப் பின்னால் மண்ணில் புரண்டு குளித்தன. மடங்கிக் கிடந்த அவர் கைக்குள் ஒரு பெட்டை படுத்திருந்தது. அதன் கண் மட்டும் திறந்திருந்தது.

நான் செய்த முட்டாள்தனம், மஞ்சள் டீ-சர்ட்டோடு கதவைத் திறந்துகொண்டு உள்ளே ஓடியது. ஃபெசன்ட் மிரண்டால் நம் வீட்டுக் கோழிபோல் ஓடாது. நின்ற இடத்திலிருந்து நேராக மேலே எழும். ஷெட் முழுக்க ஒரே நேரத்தில் எழுந்தது. கூரைக்குக் கீழே மெத்தென்ற வலை கட்டியிருந்தும் பக்கத்து இரும்புச் சட்டத்தில் மோதி மோதி விழுந்தன. லத்தீப் பாய் மேலேயே விழுந்தன. நான் அவர் தோளைத் தொட்டபோது அவர் குளிர்ந்துபோயிருந்தார், அந்த ஜூலை வெயிலில். அன்று செத்த கோழி இருபத்தேழு. மாரடைப்பு என்றார்கள்.

உடம்பை எடுத்துப் போன மூன்றாம் நாள் டாக்டர் என்னைக் கூப்பிட்டார். கதவோரம் ஆணியில் லத்தீப் பாயின் இன்னொரு கவரால் தொங்கியது.

"ஏனுங்க செல்லமுத்து, நாளையில இருந்து நீங்க பாத்துக்கறீங்களா?"

"பாக்கறேன் சார். புதுசா ஒரு கவரால் குடுத்தா…"

"புதுசு ஆகாதுங்க. அதுகளுக்கு ஆளத் தெரியாது. துணியும் நடையுந்தான் தெரியும். இதையப் போட்டுக்கோங்க."

செத்த மனுசன் துணியை எங்கள் பக்கம் வண்ணானிடம்கூடப் போட மாட்டார்கள். ஆற்றோடு விடுவார்கள். வேண்டாம் சார் என்றேன்.

"வேண்டாம்னா விட்டுப்போடுங்க," என்றார் சாந்தமாக. "நாளைக்குக் கிரஷருக்கே போயிக்கலாமுங்க."

போட்டுக்கொண்டேன். இடுப்பில் கொஞ்சம் பிடித்தது, மற்றபடி தைத்துக் கொடுத்ததுபோல் இருந்தது.

வேலைப் பயிற்சி என்று எனக்கு நடந்தது ஒரே ஒரு காலைப் பொழுது. டாக்டர் வலைக்கு வெளியே நின்று சொல்லச் சொல்ல நான் செய்தேன். முதலில் கதவுக்கு வெளியே தீவன வாளியை விரல் முட்டியால் இரண்டு தடவை தட்ட வேண்டும். எண்ணி ஐந்து வரை காத்திருக்க வேண்டும். தாழ்ப்பாளைத் தூக்கித் திறக்க வேண்டும், இழுக்கக் கூடாது. இடது சுவரை ஒட்டியே போக வேண்டும். கை தோளுக்கு மேல் எழும்பக் கூடாது. எந்தக் கோழியையும் கண்ணுக்குக் கண் பார்க்கக் கூடாது. திரும்ப வேண்டுமானால் முதலில் நிற்க வேண்டும், ஒரு மூச்சு விட்டபின்தான் திரும்ப வேண்டும். போகிற வழியெல்லாம் கையைப் பின்னால் விட்டுத் தானியத்தைச் சிந்திக்கொண்டே போனால், நாம் தாண்டியவுடன் இரண்டு பக்கமும் ஒதுங்கியவை நமக்குப் பின்னால் கூடி மேயத் தொடங்கும். அப்படிக் கூடினால் எல்லாம் சரி என்று அர்த்தம்.

அன்று கூடவில்லை. எல்லாத் தலைகளும் உயர்ந்திருந்தன. எழும்பப் போகிறது என்று எனக்கே தெரிந்தது. நெற்றியில் வியர்வை இறங்கியது, துடைக்கக் கையைத் தூக்க முடியாது.

"நில்லுங்க," என்று டாக்டர் குரல் வந்தது. "வலது காலக் கொஞ்சம் இழுத்து நடங்க. லத்தீப் மாதிரி."

இழுத்தேன். தலைகள் ஒவ்வொன்றாகத் தாழ்ந்தன. எனக்குப் பின்னால் கொத்துகிற சத்தம் கேட்டது. அவ்வளவுதான், வேலை எனக்கு நிலைத்தது. அந்த நிமிடம் சந்தோஷமாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

நாற்பது நாள் கழித்து லத்தீப் பாயின் தம்பி பெட்டியை எடுத்துப்போக வந்தார். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒரு கராஜில் வேலை செய்கிறவர். டீ கொடுத்தேன். எனக்குத் தெரிந்த ஹிந்தியில், கால் ஊனத்தோடு உங்கள் அண்ணன் எவ்வளவு வேலை செய்தார் தெரியுமா என்று ஆறுதலாகப் பேசினேன். அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"என்ன ஊனம் பாய்? எங்கள் ஊரில் கபடிக்கு அண்ணன்தான் முதல் ஆள். இங்கே வந்த பிறகு லீவில் வந்தபோதுதான் கால் இழுத்தது. அடிபட்டதா என்று கேட்டோம். வேலையில் வந்தது என்றார். வேறொன்றும் சொல்லவில்லை."

அன்று சாயங்காலம் டாக்டரிடம் கேட்டேன். லத்தீப் பாய்க்கு முன்னால் யார் இருந்தார்?

"எனக்குத் தெரியாதுங்க. நான் வந்தப்பவே லத்தீப் அப்படித்தான் நடந்தாரு." பிறகு அவராகவே சொன்னார்: "பழைய ரெஜிஸ்டர் பாத்தனுங்க. பேரு இல்ல. நாத்தூர்னு மட்டும் எழுதியிருக்குது." காவல்காரரை அங்கே நாத்தூர் என்பார்கள். அதற்கு மேல் அந்த ஆளைப் பற்றி யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

வருடங்கள் ஓடின. கவரால் கிழிந்து இரண்டு மூன்று தடவை மாறியது. புதிதைத் தைத்து, பழையதற்குப் பக்கத்தில் ஒரு மாதம் தொங்கவிட்டுப் பிறகுதான் போடுவேன். கோழிகளும் தலைமுறை தலைமுறையாக மாறிவிட்டன. லத்தீப் பாயைப் பார்த்த கோழி ஒன்றுகூட மிச்சமில்லை. எல்லாம் மெஷினில் பொரித்தவை, தாய் முகமே தெரியாதவை. துணியும் அதுவல்ல, கோழியும் அதுவல்ல. நடை மட்டும் அப்படியே இருந்தது, என் காலில்.

மூன்றாவது லீவில் வந்தபோது பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் என் மனைவி பூங்கொடி நின்றிருந்தாள். நான் இறங்கி அவளை நோக்கிப் போகிறேன். அவள் முகத்தில் சிரிப்பு வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது.

"என்னங்க, கால்ல என்ன?"

"ஒண்ணுமில்ல. வேலையில வந்தது," என்றேன். சொன்ன பிறகுதான் அது யாருடைய வார்த்தை என்று உறைத்தது.

திருச்சிக்குக் கூட்டிப்போய் எக்ஸ்ரே எடுத்தாள். எலும்பில் ஒன்றுமில்லை என்றார்கள். நேராக நடந்து காட்டச் சொன்னாள். யோசித்து யோசித்து அடி வைத்தால் நேராக வந்தது. பேச்சுக் கொடுத்தால் இழுத்தது. லீவு முடிகிற அன்று என் பெட்டியைக் கட்டிக்கொண்டே அவள் சொன்னாள்:

"கோவிச்சுக்காதீங்க. நான் சமையக்கட்டுல இருக்கறப்ப நீங்க கூடத்துல நடக்கற சத்தம் கேக்குதுல்ல, அது நீங்கன்னு தோணவே மாட்டேங்குது. யாரோ வேத்தாளு வீட்டுக்குள்ள நடக்கற மாதிரி இருக்கு. அடுத்த தடவ உங்க நடையோட வாங்க. வேற எதுவும் எனக்கு வாங்கிட்டு வர வேணாம்."

அப்படிச் சொல்லி அவள் அழுதாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, அவள் மேல் இல்லை. திரும்பிப் போனதும் இந்த நடையை விட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். டாக்டரிடம் சொல்லவில்லை.

கோழியைப் பழக்கத்திலிருந்து மீட்பது கஞ்சி குடிக்கிற குழந்தைக்குச் சோறு பழக்குவதுபோல்தான். அக்டோபரில், வெயில் தணிந்து, முட்டைக் காலமும் இல்லாத சமயத்தில் ஆரம்பித்தேன். முதல் வாரம் கதவிலிருந்து ஐந்து அடி நேராக, மற்றது இழுத்து. அடுத்த வாரம் பத்து அடி. தலைகள் உயர்ந்தால் உடனே பழைய நடை, தாழ்ந்ததும் மறுபடி. ஏழாவது வாரம் முதல் ஷெட்டில் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை நேராக நடந்தேன். இரண்டாவதிலும் நடந்தேன். பின்னாலேயே கூடி மேய்ந்தன. எனக்குத் துள்ளிக் குதிக்கலாம்போல் இருந்தது. பூங்கொடிக்குப் போன் போட்டு, "அடுத்த தடவ ஓடியே வரேன் பாரு" என்றேன்.

மூன்றாவது ஷெட்டைக் கடைசியாக வைத்திருந்தேன். கதவிலிருந்து தண்ணீர்த் தொட்டி வரை நாற்பது அடி இருக்கும். மதியம் ஒரு மணிக்குக் கொஞ்சம் முன்னால். வாளியைத் தட்டினேன், ஐந்து எண்ணினேன், நுழைந்தேன். நேராக நடந்தேன். ஒரு கோழியும் மிரளவில்லை. இரண்டு பக்கமும் அழகாக ஒதுங்கி வழி விட்டன. ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

பாதி தூரம் போன பிறகுதான் உறைத்தது, பின்னால் கொத்துகிற சத்தம் இல்லை.

தொட்டிவரை போய் நின்றேன். ஒரு மூச்சு விட்டுத் திரும்பினேன். நான் சிந்திய தானியம் சிந்தியபடியே கிடந்தது. கோழிகள் இரண்டு பக்கமும் வழி விட்டபடியே நின்றன. ஒன்றுகூட என்னைப் பார்க்கவில்லை. அறுபது எழுபது தலைகள், கதவுக்கும் எனக்கும் நடுவில் ஓர் இடத்தை, ஒரு மனுசன் நெஞ்சு உயரத்தில் பார்த்துக்கொண்டிருந்தன. அந்த இடம் நகர்ந்தது. தலைகள் அதோடு சேர்ந்து மெல்லத் திரும்பின. என்னைவிட மெதுவாக. கொஞ்சம் நகரும், கொஞ்சம் தயங்கும், மறுபடி நகரும். அந்தத் தயக்கம் எனக்கு நன்றாகத் தெரிந்த தயக்கம். அத்தனை வருடம் என் காலே அதைச் செய்திருக்கிறது.

எனக்குச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. மண்ணில் தடம் எதுவும் விழவில்லை. இல்லாததைச் சொல்லி எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. கோழிகளின் பார்வை மட்டும் நகர்ந்து நகர்ந்து வந்து, எனக்கு ஓர் அடி முன்னால் நின்றது.

அப்போது பக்கத்து ஷெட்டுச் சேவல்கள் கத்தின. மலைக்குப் பின்னால் வெடி. தரை அதிர்ந்து ஓய்ந்தது. இங்கே ஒன்றும் வாய் திறக்கவில்லை. லத்தீப் பாய் கிடந்த இடத்தில், தொட்டியின் ஈரத்தில், முதுகை ஒட்டிக்கொண்டு நான் நின்றேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. கடைசியில் வேறு வழி தோன்றாமல் வலது காலை இழுத்தேன். ஓர் அடி. உடனே எல்லாத் தலைகளும் தாழ்ந்தன. இழுத்தபடியே கதவை நோக்கி நடந்தேன். எனக்குப் பின்னால் கூடிக் கொத்தத் தொடங்கின. வழி மூடிக்கொண்டது.

மறுநாளும் அதற்கு மறுநாளும் நடந்து பார்த்தேன். நேராக நடந்தால் இரண்டு பேருக்கு வழி விட்டன. இழுத்து நடந்தால் ஒருவருக்கு. நான் படிக்காதவன், ஆனால் இந்தக் கணக்கு எனக்குப் புரிந்தது. நான் இழுத்து நடக்கிற வரைக்கும் பின்னால் வந்த அந்த ஆள் தனியாக நடக்க வேண்டியதில்லை.

டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். ஏன் என்னைக் கேட்காமல் செய்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. கையிலிருந்த சாக்பீஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாளையில இருந்து பழையபடியே நடங்க."

"சார், நீங்க பாத்திருக்கீங்களா?"

"நான் மூணாவது ஷெட்டுக்குள்ள போறதில்லீங்க," என்றார்.

அதற்குப் பிறகு அதைப் பற்றி நாங்கள் பேசவே இல்லை. ஆறு வருடம் முன்னால் அவர் வேலையை முடித்துக்கொண்டு நாமக்கல் போனார். கிளம்பும்போது எல்லோருக்கும் கை கொடுத்தார், எனக்குக் கும்பிடு போட்டார். ஏன் என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது இருக்கும் டாக்டர் கேமரா வழியாகப் பார்க்கிறவர்.

பூங்கொடிக்குக் கொடுத்த வாக்கை நான் காப்பாற்றவில்லை. லீவுக்கு லீவு அதே நடையோடு வந்தேன். அவளும் கேட்பதை விட்டுவிட்டாள். கூடத்தில் நான் நடக்கும்போது அடுப்படியில் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள்.

மார்ச்சில் கணேசனிடம் ஒப்படைத்தபோது, வாளி தட்டுவது, ஐந்து எண்ணுவது, தாழ்ப்பாள், தானியம் எல்லாம் சொன்னேன். என் காலைப் பார்த்து, "என்னண்ணே, கால் இழுக்குது?" என்று கேட்டான். மூட்டு வலி என்றேன். சொல்லாமல் விட்டால் என்னோடு அறுந்துபோகும் என்று நினைத்தேன். என் காலோடு போகட்டும், இன்னொருத்தன் பெண்டாட்டி பஸ் ஸ்டாண்டில் முகம் மாறி நிற்க வேண்டாம் என்று நினைத்தேன். கணேசன் பாட்டுக்கு நேராக நடந்தான். நான் வலைக்கு வெளியே, அந்த நாளில் டாக்டர் நின்ற இடத்தில் நின்று பார்த்தேன். கோழிகள் வழி விட்டன. விட்டபடியே நின்றன. நான் அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் டாக்ஸி ஏறினேன். இதைத்தான் பதினோரு நாளாகச் சொல்ல முடியாமல் இருந்தேன்.

இத்தனையும் எழுதி முடித்துவிட்டு, இன்று காலை பத்து மணிக்குப் போனை எடுத்துப் பேசினேன். "கணேசா, பாம்பு ஒண்ணும் இல்லப்பா. நான் சொல்றதக் கேளு, அந்த வேலைய விட்டுட்டு வந்துரு. கலாஸ், முடிஞ்சுதுன்னு சொல்லிட்டு வந்துரு. ஏன்னு நேர்ல சொல்றேன்." அனுப்பிவிட்டேன். நெஞ்சிலிருந்து கல்லை இறக்கி வைத்ததுபோல் இருந்தது.

அரை மணியில் பதில் வந்தது.

"அண்ணே, அது சரியாப் போச்சுண்ணே! போன வாரம் வாளி விழுந்து முட்டியில அடி. காலை இழுத்துக்கிட்டே உள்ள போனேன், எல்லாம் கம்முனு மேய ஆரம்பிச்சிருச்சு. இப்ப வலி இல்ல, இருந்தாலும் அப்படியே நடந்துக்கறேன், நிம்மதியா இருக்கு. வீடியோ அனுப்பிருக்கேன் பாருங்க. வேலைய விட்டுட்டு எங்கண்ணே போறது? திரும்பக் கிரஷருக்கா? ஒரு காலுதானேண்ணே."

வீடியோவைத் திறந்தேன். கேமராவில் பதிந்ததை எடுத்து அனுப்பியிருக்கிறான், மேலிருந்து தெரிகிறது. நீலக் கவரால். இடது சுவரை ஒட்டி, வலது காலை இழுத்து, கொஞ்சம் தயங்கி, மறுபடி இழுத்து. கோழிகள் ஒதுங்குகின்றன, பின்னாலேயே கூடி மேய்கின்றன. வழி மூடிக்கொள்கிறது. அந்தத் தயக்கத்தை அவனுக்கு நான் சொல்லித் தரவில்லை.

பூங்கொடி காப்பி கொண்டுவந்தவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"இது நீங்கதானே? எப்ப எடுத்தது?"

"நான் இல்ல. கணேசன்."

அவள் போனை என் கையிலிருந்து வாங்கி, இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தாள். காப்பி ஆறிக்கொண்டிருந்தது.

"கணேசனுக்குக் கால் நல்லாத்தானே இருந்துச்சு? நீங்க அங்கேருந்து கெளம்பறப்ப வீடியோ கால்ல காட்டுனீங்களே, மாடிப்படியில தடதடன்னு எறங்குனாரே."

போனைத் திரும்ப வாங்கினேன். போனில் அதற்குள் இன்னொரு மெசேஜ் வந்திருந்தது. தீபாவளிக்கு லீவு கிடைத்துவிட்டதாம். விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டுக்கு அவன் வீட்டுக்காரி வருகிறாளாம், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு.